வீட்டு முற்றத்தில் கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்தல்: ஒரு ஃபெண்டரும் ஒரு பம்பரும்

காரின் உடற்பாகங்களில் வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கத் தக்கவை எவை, தகாதவை எவை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பக்கக் கண்ணாடியின் மூடி, பம்பர், சக்கரத்தின் மேலுள்ள ஃபெண்டர், கதவின் கீழ்ப்பகுதி ஆகியவை வீட்டு வேலைக்கு ஒத்துவரும். பானெட்டும் கூரையும் ஒத்துவரா. அவை அகன்று படுத்திருக்கும் பரப்புகள் என்பதால் அடிக்கும்போது தூசி அவற்றின் மேல்தான் இறங்குகிறது. அடித்து முடித்த பிறகு வெயிலும் அவற்றின் மேல்தான் விழுகிறது. பார்ப்பவரின் கண்ணும் அங்கேதான் முதலில் போகிறது. முத்து வெள்ளை போன்ற மூன்றடுக்கு நிறங்களையும் வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. அவற்றில் வெள்ளைக்கும் மேலே வரும் நிறமற்ற கிளியருக்கும் நடுவில் முத்துத்துகள் கலந்த ஓர் அடுக்கு உண்டு. அது எத்தனை தடவை அடிக்கப்பட்டதோ அதற்கேற்ப நிறமே மாறிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது பத்து ஆண்டு ஓடிய வெள்ளை மாருதி வேகன்ஆர் ஒன்றின் இரண்டு பாகங்களை. முன்பக்க இடது ஃபெண்டர் கேட்டுத் தூணில் உரசிச் சொட்டை விழுந்து, பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துருவும் பிடித்திருக்கிறது. பின் பம்பரின் மூலையில் தகடு தெரியும் பேச்சே இல்லை, அது பிளாஸ்டிக்; ஆனால் ஆழமான கீறல்கள் இருக்கின்றன. ஒன்று இரும்பு, மற்றொன்று பிளாஸ்டிக் என்பதால் வேலையின் இரு வழிகளையும் இவை காட்டிவிடும். இரண்டுக்கும் சேர்த்து நான்கு முழு நாட்கள் ஒதுக்க வேண்டும்; கடைசிப் பளபளப்பேற்றலுக்கு முன் காத்திருக்கும் நாட்கள் தனி. அதில் நிறம் அடிக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மீதி எல்லாம் தேய்ப்பதும் காய விடுவதும்தான்.

பெயிண்ட் எவ்வளவு மெல்லியது

தொழிற்சாலையில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் நிறத்துக்கு அடித்தளமான பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் என்று அடுக்குகள் இடப்படுகின்றன. எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான் தடிமன்தான் வரும். தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் அளவு இருக்கும் என்றால், ஒன்றரை முடி அல்லது இரண்டு முடித் தடிமனுக்குள் காரின் அழகு முழுவதும் அடங்கியிருக்கிறது. இவ்வளவு மெல்லிய பூச்சு தன் கீழே உள்ள பள்ளத்தையோ உப்புத்தாள் இழுத்த கோட்டையோ மறைக்காது. பளபளப்பு ஏற ஏற அவை கூடுதலாகவே தெரியும். பெயிண்ட் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணி விட்ட குறைதான் பின்னால் கண்ணை உறுத்துகிறது.

எனவே கீறல் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டும்போது தட்டவில்லை என்றால் அது கிளியரோடு நின்றுவிட்டது. அதற்குத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்டே போதும், பெயிண்ட் வேண்டாம். நகம் தட்டினால், பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தால், அல்லது தகடே தெரிந்தால் இந்த வழிகாட்டிக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு சோதனையும் தேவை. பழைய வெள்ளை வண்டிகள் சிலவற்றில் கிளியர் என்ற தனி அடுக்கே இராது. நிறமே பளபளப்பையும் தரும். ஒரு கறுப்புத் துணியில் காம்பவுண்டைத் தொட்டு மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தால், துணியில் வெள்ளை ஒட்டினால் அது ஒற்றை அடுக்குப் பெயிண்ட். ஒட்டாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. காம்பவுண்டே வெள்ளையாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதால் வேறு நிறக் காம்பவுண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வண்டியில் கிளியர் இருப்பதாகக் கொண்டு மேலே செல்வோம்.

நுரையீரலைப் பற்றி முதலிலேயே

எந்தப் பெயிண்டை வாங்குவது என்ற முடிவை நிறமோ விலையோ அல்ல, மூச்சுதான் தீர்மானிக்க வேண்டும். தொழில்முறைப் பட்டறைகளில் அடிக்கும் கிளியர் பெரும்பாலும் 2கே வகை. அதாவது ஹார்டனர் கலந்து வேதிவினையால் இறுகுவது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும்; ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே தாக்குதலைத் தூண்டிவிடும். துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் இதற்கு எவ்வகையிலும் உதவா. கரி வடிகட்டி பொருத்திய அரை முகமூடியைக்கூட நம்ப முடியாது. வடிகட்டி நிரம்பியதை மணத்தால் அறிய வழியில்லை என்பதே காரணம். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் இதற்குரிய பாதுகாப்பு. அது வீட்டில் யாரிடமும் இராது. அடியிலுள்ள பொத்தானை அழுத்திக் கலக்கும் 2கே டப்பாக்களும் கிடைக்கின்றன. டப்பாவில் வருவதால் அவற்றின் ஆபத்து குறைந்துவிடவில்லை.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: வீட்டில் தேய்ப்பையும் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வேலையையும் செய்யலாம்; பிரைமரையும் நிறத்தையும் ஹார்டனர் இல்லாத 1கே பொருள்களால் அடிக்கலாம். கிளியருக்கு இரண்டு வழிகள். 1கே கிளியரை வீட்டிலேயே அடிக்கலாம். அது அடிக்க எளிது, ஆனால் பெட்ரோல் பட்டால் இளகிவிடும், வெயிலிலும் சில ஆண்டுகளில் மங்கும். அல்லது பம்பரைக் கழற்றிய நிலையிலேயே, தெளிப்பறை வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் 2கே கிளியர் மட்டும் அடிக்கச் சொல்லலாம். இரண்டாவது வழியை எடுப்பவர்கள் பட்டறைக்காரரிடம் முன்பே பேசி, அவர் கிளியருக்குப் பொருந்தும் நிறப்பூச்சையே வாங்க வேண்டும். நிறம் அடித்தபின் எத்தனை மணி நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பகுதிக்கு முதல் வழி கூடவே கூடாது.

1கே பெயிண்டும் தின்னரும் தீங்கற்றவை அல்ல. கரி வடிகட்டியும் தூசி வடிகட்டியும் சேர்ந்த அரை முகமூடி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் டப்பாவைத் தொடக்கூடாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தேடிப்பிடிக்கும். சமையலறைக்குப் பின்புறத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இடமும் பருவமும்

மூன்று பக்கம் அடைப்பும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள கார் ஷெட் போதுமானது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது. ஈரம் மினுங்கினால் போதும், தேங்க வேண்டியதில்லை. மரத்தடி வேண்டாம்: நிழல் இருக்கும், கூடவே எறும்பும் பூவும் பறவையும் இருக்கும். விளக்கு எரியும் இடமும் வேண்டாம், அந்திப்பூச்சிகளுக்கு ஈரமான வெள்ளைப் பரப்பைப் போலப் பிடித்தமானது வேறில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மிக ஏற்ற காலம் தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரை. நேரம் காலை பனி விலகி எட்டரை மணி முதல் பத்தரை மணி வரை. சித்திரை வெயிலில் பெயிண்ட் துளிகள் பரப்பை அடையும் முன்பே பாதி உலர்ந்துவிடுவதால், தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் பூச்சுதான் கிடைக்கும். ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும் என்னும்போது பெயிண்ட் தூவல் எந்த வீட்டுத் துணிக்கொடிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. பூச்சிலிருந்து தின்னர் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து பூச்சோடு கலந்து, பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். வெள்ளை நிறத்தில் இது தெரியாது என்று நினைக்கலாம். கிளியர் அடித்ததும் தெரியும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று ஏறும் மாலை நேரங்களில், மழை இல்லாத மாதத்தில்கூட இப்படி நேர்வதுண்டு.

நிறத்தை வாங்குதல்

'வெள்ளை' என்று கேட்டு வாங்கினால் ஏதோ ஒரு வெள்ளைதான் கிடைக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் நிறுவனம் தரும் குறியீடு ஒன்று வண்டியில் ஒட்டிய தகட்டிலோ வில்லையிலோ இருக்கும். சில நிறுவனங்கள் அதை எஞ்சின் அறையில் வைக்கின்றன, சில ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில். மாருதியின் சுப்பீரியர் வெள்ளைக்கு 26யூ; சில்க்கி வெள்ளிக்கு இசட்2எஸ். பெயிண்ட் கலந்து தரும் கடையில் இந்தக் குறியீட்டைச் சொன்னால் எடை பார்த்துக் கலந்து தருவார்கள். சில கடைகளில் ஸ்பிரே டப்பாவிலேயே அடைத்தும் தருவார்கள். பத்து ஆண்டு வெயிலில் நின்ற வண்டி குறியீட்டின்படி இருக்காது என்பதால், கழற்றக்கூடிய சிறு பாகம் எதையாவது கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது சிறந்தது. முழு பம்பர் ஒன்றுக்கு 400 மில்லி டப்பா நிறத்தில் இரண்டோ மூன்றோ, கிளியரில் இரண்டோ வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே கலவையிலிருந்து ஒரே நாளில் வாங்க வேண்டும்.

காற்றழுத்தும் கம்ப்ரசரும் பெயிண்ட் தூவும் ஸ்பிரே கன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 25 லிட்டர்த் தொட்டியுள்ள சிறு கம்ப்ரசரால் பட்டறைகளில் பயன்படும் பெரிய கன்னுக்குத் தொடர்ந்து காற்றுக் கொடுக்க முடியாது, பம்பரின் பாதியில் அழுத்தம் இறங்கி, தூவல் துப்பலாக மாறிவிடும். நிறத்துக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் வேண்டும் என்பது பெரிய கன்னுக்கு; சிறு கம்ப்ரசரோடு 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் நாசில் கொண்ட குட்டி கன்தான் ஒத்துப்போகும். காற்றுக் குழாயில் நீர்ப்பிடிப்பான் கட்டாயம். முதல்முறை செய்பவர்களுக்கு ஸ்பிரே டப்பாவே போதும், இனி வருவதும் அதைக் கொண்டே.

கழுவுதலும் எண்ணெய் நீக்கலும்

பம்பரைக் கழற்றிவிட வேண்டும். சில போல்ட்டுகளும் கிளிப்புகளும்தான். கிளிப்புகள் இரண்டு மூன்று உடையும் என்று முன்பே எதிர்பார்த்துப் புதியவை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெண்டரை வண்டியிலேயே விட்டுச் செய்யலாம். பார்க்கிங் சென்சார்கள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள புதிய வண்டிகளில் பூச்சின் தடிமன் அதன் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், அத்தகைய பம்பரை வீட்டில் தொட வேண்டாம்.

முதலில் சோப்புநீர், பிறகு நல்ல தண்ணீர், காய்ந்தபின் மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. எண்ணெயை நீக்காமல் தாளை வைத்துத் தேய்த்தால், தாள் இழுத்த கோடுகளுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காயும் முன்பே மற்றொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காய விட்டுவிட்டால் எண்ணெய் இடம் மாறியிருக்குமே தவிர நீங்கியிருக்காது. மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இந்தக் கட்டத்தில் போதும், பெயிண்டுக்கு முந்தைய கடைசித் துடைப்புக்கு ஆகாது. அதன் நூல் பூச்சில் நிற்கும்.

நம் ஊருக்கே உரிய எதிரி ஒன்றுண்டு: தேங்காய் எண்ணெய். நான் முதன்முதலில் அடித்த கண்ணாடி மூடியில், அடித்த சில நொடிகளில் வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி, மீன்கண் போன்ற குழிகள் வரிசையாக விழுந்தன. தலையைக் கோதிய கையால் அந்த மூடியைத் தூக்கியிருந்தேன். குழிகள் சரியாக என் நான்கு விரல்களின் இடைவெளியில் இருந்தன. டாஷ்போர்டு பளபளப்பிகளில் உள்ள சிலிக்கோன் இதைவிடக் கொடியது. பெயிண்ட் அடிக்கும் வாரத்தில் அந்தப் புட்டியை ஷெட்டுக்குள்ளேயே விடக்கூடாது.

துருவும் சொட்டையும் பட்டியும்

ஃபெண்டரில் துரு உள்ள இடத்தைச் சுற்றிலும் பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் எல்லைவரை 80 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) உரித்தெடுக்க வேண்டும். தகடு வெள்ளி போல மின்ன வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு உள்ளே இறங்கியிருக்கிறது; பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருநீக்கியைத் தடவி, குறிப்பில் உள்ள நேரம்வரை விட்டு, நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். ஆணி நுனியால் குத்தினால் தகடு பொத்துக்கொள்கிறது என்றால் அது பட்டி வேலை அல்ல, வெல்டிங் வேலை. ஓட்டையைப் பட்டியால் அடைத்தவர்களுக்கு அடுத்த மழைக்காலத்தில் அது குமிழியாக எழுந்து நிற்கும்.

சொட்டையை முடிந்தவரை உள்ளிருந்து தட்டி எடுக்க வேண்டும். சக்கரத்துக்கு உட்பக்க உறையைக் கழற்றினால் கை நுழையும். வெளியே கனமான இரும்புக் கட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு, உள்ளே ரப்பர்ச் சுத்தியால் சிறு சிறு தட்டாகத் தட்டினால் தகடு எழும். முழுவதும் எழ வேண்டியதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் மீதியைப் பட்டி பார்த்துக்கொள்ளும். வெளியே மேடாகப் புடைத்துவிடக் கூடாது. பள்ளத்தை நிரப்பலாம், மேட்டை நிரப்ப முடியாது.

பட்டியில் இரண்டு வகை உண்டு. ஹார்டனர் (இது பெராக்சைடு வகை, ஐசோசயனேட் அல்ல) கலந்து இறுகும் பாலியெஸ்டர் பட்டி பள்ளம் நிரப்புவதற்கு. தின்னர் ஆவியாகிக் காயும் என்சி பட்டி ஊசித்துளை அடைப்பதற்கு மட்டும். பின்னதை மலிவு என்று தடிமனாக அப்பினால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருந்து, பளபளப்பான பூச்சின் கீழே மெல்லிய பள்ளமாகத் தெரியும். பாலியெஸ்டர் பட்டியில் நூறு பங்குக்கு ஹார்டனர் இரண்டு பங்கு எடை. கண்ணளவில் சொன்னால், எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு. ஹார்டனர் மிஞ்சினால் மிச்சமான பெராக்சைடு மேலே ஊறி வந்து நிறத்தில் கறை காட்டும், வெள்ளையில் மிக நன்றாகக் காட்டும். வெயில் காலத்தில் கலந்த நான்கைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால், ஒரு தடவைக்கு வேண்டிய அளவே கலக்க வேண்டும். நிறம் ஒன்றாகும்வரை மடித்து மடித்துக் கலக்க வேண்டுமே தவிர அடித்துக் கலக்கக்கூடாது. அடித்தால் காற்றுக் குமிழிகள் புகுந்து, பின்னால் ஊசித்துளையாகத் திறக்கும். முதல் பூச்சை மெலிதாகவும் அழுத்தியும் தடவி, அடுத்ததைச் சற்று மேடாக விட வேண்டும்.

இறுகியபின் தேய்ப்பது கையால் அல்ல, கட்டையால். உள்ளங்கையில் தாளை வைத்துத் தேய்த்தால் விரல்களுக்கிடையே அழுத்தம் மாறி அலையலையாக வரும். தட்டையான மரக்கட்டையோ, வளைவான இடத்தில் கடினமான ரப்பர்க் கட்டையோ வைத்து, 80 எண்ணில் வடிவம் எடுத்து, 180 எண்ணில் கோடு போக்கி, 320 எண்ணில் ஓரங்களைப் பழைய பெயிண்டோடு சரிவாகக் கலக்க வேண்டும். ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் படி தெரியக்கூடாது. கையுறைக்கு மேல் மெல்லிய துணி ஒன்றைப் போட்டுத் தடவினால் கண்ணுக்குப் படாத பள்ளமும் கைக்குப் படும்.

பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது நம் பட்டறைகள் பலவற்றில் வழக்கம். தூசி பறக்காது என்பதே காரணம். ஆனால் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியது தகடுவரை போகும், மேலே பூச்சு ஏறியபின் வெளியேற வழியிராது. முகமூடி அணிந்து உலர்வாகவே தேய்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பம்பருக்கு வேறு வழி

பம்பரின் உட்புறத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், அல்லது அதனோடு ரப்பர் சேர்ந்த கலவை. கண்ணாடி மூடிகள் ஏபிஎஸ் ஆக இருப்பதுண்டு. ஏபிஎஸ் மீது பிரைமர் எளிதில் ஒட்டும், ஆனால் கடுமையான தின்னர் பட்டால் கரைந்துவிடும். பிபி எதையும் ஒட்டவிடாது. அதன் வெறும் பரப்பு தெரியும் இடங்களில் பிளாஸ்டிக் பிரைமர் என்று விற்கப்படும் ஒட்டுதல் ஊக்கியை மெலிதாக அடித்த பிறகே அடுத்த பூச்சு. அதை அடிக்காமல் விட்டால், முதல்முறை உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவும்போது பெயிண்ட் தோல்போல உரிந்து வரும். கீறல்களை நிரப்ப வளையும் தன்மையுள்ள பிளாஸ்டிக் பட்டியையே பயன்படுத்த வேண்டும். சாதாரணப் பட்டி பம்பர் வளையும்போது வெடிக்கும். பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது நார் போல எழும் சிலும்பல்களை 320 எண்ணுக்குப் பிறகு 500 எண்ணில் மெதுவாக எடுத்துவிடலாம்.

பிரைமரும் கறுப்புத் தூவலும்

ஃபெண்டரில் வெறும் தகடு தெரியும் இடத்துக்கு முதலில் துருத்தடுப்பு பிரைமர், அதன் மேல் பள்ளம் நிரப்பும் சாம்பல் பிரைமர் மூன்று தடவை. முதல் தடவை பட்டியை மட்டும் மூடி, அடுத்தடுத்த தடவைகள் சற்று அகன்று செல்ல வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் மேடு விழாது. தடவைகளுக்கு இடையே பத்து நிமிடம். டப்பாவில் ஒரு மணி நேரத்தில் தேய்க்கலாம் என்று எழுதியிருந்தாலும் ஓரிரவு விடுவது நல்லது, ஏனெனில் பிரைமர் காயக் காயச் சுருங்கும்.

மறுநாள், மலிவான கறுப்பு ஸ்பிரேயைத் தொலைவிலிருந்து மிக லேசாக, மிளகுப்பொடி தூவியது போல் பிரைமர் மேல் தூவ வேண்டும். இப்போது 600 எண் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், மேடுகளில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளங்களில் நிற்கும். கறுப்பு முழுவதும் மறையும்போது பரப்பு சமமாகிவிட்டது. மறையும் முன்பே சாம்பல் தேய்ந்து பட்டி தெரிந்தால், அங்கே இன்னொரு சுற்று பிரைமர் வேண்டும். இந்தக் கட்டத்தில் அலுப்பு வரும். நிறத்தை அடித்துப் பார்த்துவிடலாமா என்ற ஆசையும் வரும். வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறமாக இருந்தால் 800 எண் வரை போக வேண்டும். வெள்ளைக்கு 600 போதும். ஃபெண்டரின் மீதிப் பகுதி முழுவதும் கிளியர் ஏறப்போவதால், அதையும் 1000 எண்ணில் பளபளப்பு போகும்வரை மங்கலாக்க வேண்டும்.

மறைப்பு

மாஸ்கிங் டேப்பும் பழுப்புக் காகிதமும் வேண்டும். செய்தித்தாள் என்றால் இரண்டு அடுக்காக. ஃபெண்டருக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் உள்ளிருந்து டேப்பை ஒட்டித் தூவல் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். சக்கரத்தை மறந்துவிடாதீர்கள், பிரேக் தட்டில் பெயிண்ட் படியக்கூடாது.

நிறம் அடித்தல்

வண்டியில் அடிக்கும் முன் ஒரு தகட்டுத் துண்டில் அதே பிரைமர் மேல் அடித்து, கிளியரும் அடித்துக் காய்ந்தபின், வெயிலில் வண்டியோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கிளியர் ஏறாத நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கைப்பழக்கத்துக்கு, சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் நசுங்கிய கதவு ஒன்றை வாங்கிப் பழகினாலும் தவறில்லை.

பரப்பை எண்ணெய் நீக்கியால் மீண்டும் துடைத்து, தூசியை ஒட்டியெடுக்கும் பசைத் துணியால் அழுத்தாமல் ஒருமுறை வருட வேண்டும். டப்பாவை உள்ளே குண்டு சத்தமிடத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். பரப்பிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவு. ஏறத்தாழ ஒரு சாண். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஒரே வேகத்தில் கடந்து, மறுபக்கம் வெளியே போனபின்தான் விரலை எடுக்க வேண்டும். மணிக்கட்டு சுழலக்கூடாது, தோளோடு கை முழுவதும் நகர வேண்டும். மணிக்கட்டு சுழன்றால் நடுவில் தடிமனும் ஓரத்தில் மெலிவுமாக வரும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூட வேண்டும்.

முதல் தடவை கீழே உள்ள சாம்பல் தெரியும்படி லேசாக இருக்க வேண்டும். இதுதான் பழகாதவர்களுக்குக் கடினம்; ஒரே அடியில் வெள்ளையாக்கிவிடக் கை துடிக்கும், துடித்தால் வடியும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று அல்லது நான்கு தடவையில் சாம்பல் மறையும். ஃபெண்டரில் நிறத்தைச் சரிசெய்த பகுதியிலும் அதைச் சுற்றியும் மட்டும் அடித்து, ஒவ்வொரு தடவையும் சற்றே அகலப்படுத்தி, கதவுக்கு எட்டும் முன்பே தேய்ந்து மறையும்படி விட வேண்டும். கதவின் பழைய வெள்ளையும் புதிய வெள்ளையும் நேருக்கு நேர் சந்திக்காதபோது சிறு வேறுபாட்டைக் கண் கண்டுபிடிப்பதில்லை. மெட்டாலிக் நிறமானால் கடைசித் தடவையைச் சற்றுத் தொலைவிலிருந்து தூவலாக அடித்துத் துகள்களைச் சமமாகப் படியவைக்க வேண்டும். அந்தப் பூச்சின் மேல் தாளே படக்கூடாது.

நிறம் காய்ந்ததும் மங்கலாகத் தெரியும். அது இயல்பு. பூச்சி விழுந்தால் ஈரத்தில் கை வைக்காமல், காய்ந்தபின் 1000 எண்ணால் தொட்டெடுத்து அங்கே மட்டும் ஒரு லேசான தடவை அடிக்கலாம்.

கிளியரும் அதற்குப் பின்னும்

1கே கிளியரை வீட்டில் அடிப்பதாக இருந்தால், நிறம் அடித்த அரை மணி முதல் ஒரு மணிக்குள் தொடங்க வேண்டும். முதல் தடவை லேசு. அடுத்த இரண்டும் ஈரமாக, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஷெட்டின் விளிம்பு அதில் தெரியும் அளவுக்கு. ஃபெண்டரில் கிளியர் முழுப் பாகத்தின் விளிம்புவரை போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த எல்லை பின்னாளில் கோடாகத் தெரியும். ஈரம் போதாவிட்டால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும், மிகுந்தால் வடியும். இரண்டில் முன்னதைத் திருத்துவது எளிது என்பதால், ஐயம் வரும் இடத்தில் கை வேகமாகவே போகட்டும். வடிந்துவிட்டால் துடைக்க வேண்டாம். அது முழுவதும் இறுகியபின் புதிய பிளேடால் மேலே சுரண்டி, சிறு கட்டையில் 1500 எண் தாள் வைத்துச் சமமாக்கலாம்.

கடைசித் தடவைக்குப் பின் இருபது நிமிடத்தில், பூச்சு முழுவதும் இறுகும் முன்பே, டேப்பைத் தன் மேலேயே மடக்கிப் பின்னோக்கி மெதுவாக உரிக்க வேண்டும். மறுநாள் உரித்தால் பூச்சின் ஓரமும் சேர்ந்து பெயரும்.

தொட்டால் ஒட்டாது என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு. 1கே பூச்சை ஒரு வாரமாவது விட்ட பிறகே 1500, 2000, 3000 என்ற வரிசையில் ஏராளமான தண்ணீரோடு தேய்த்து, காம்பவுண்டால் பளபளப்பேற்ற வேண்டும். பட்டறையில் அடித்த 2கே கிளியராக இருந்தால் பொதுவாக மறுநாளே தேய்க்கலாம். பாகத்தின் விளிம்புகளிலும் உடல்மடிப்புக் கோடுகளிலும் கிளியர் மெலிதாக நிற்கும். அங்கே டேப் ஒட்டி மூடிவிட்டு நடுப்பகுதியை மட்டும் தேய்ப்பது பாதுகாப்பு. விளிம்பில் இரண்டு இழுப்பு கூடிவிட்டால் நிறம் தெரிந்துவிடும், மீண்டும் கிளியரிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பம்பரை மாட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தனியே தூக்கிக் கிளிப்பைத் தேடும்போதுதான் புதிய பூச்சில் முதல் கீறல் விழுகிறது. மாட்டிய பிறகு ஒரு மாதம் மெழுகு, பாலிஷ் எதுவும் பூசாமல், தானியங்கிக் கழுவுமிடத்துக்கும் கொண்டுபோகாமல், வெறும் தண்ணீரால் நிழலில் வைத்துக் கழுவினால் போதும். காக்கை எச்சம் பட்டால் மட்டும் ஒரு மாதம் என்ன, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து உடனே எடுத்துவிட வேண்டும்.